தங்கத் தூசும் விளக்குக் கரியும்

காந்தம்மாளின் அக்குளில் ஊசி விட்டுச் சதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அதில் என்ன இருக்கிறது என்று சொல்லும்வரைக்கும் நான் இந்தப் பெஞ்சில்தான் உட்கார வேண்டும். சும்மா உட்கார்ந்தால் மனசு கண்ட இடத்துக்கும் போகிறது. அதனால் எழுதுகிறேன். எனக்குப் பெரிய படிப்பு இல்லை. பஸ் போர்டு படிப்பேன். பூங்காவனம் என்று கையெழுத்துப் போடுவேன். எழுத்தாகக் கூட்டிக் கூட்டி ஒரு விஷயத்தை எழுதி முடிப்பேன். யாரிடமும் இதுவரை கைநாட்டு வைத்ததில்லை. நேரம் ஆகும். ஆகட்டும்.

எனக்கு வந்தது மார்புப் புற்று. எங்கள் ஊர் கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலிருந்தும் மேலே போக வேண்டும். சாமையும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். சாமை அறுத்துக் கட்டுக் கட்டும்போது அறுத்த தாள் அரியை மார்போடு அணைத்துத் தூக்குவோம். அப்படித் தூக்கும்போது வலது பக்கம் உள்ளே ஒரு புளியங்கொட்டை அழுத்துவது போல் இருந்தது. வலி இல்லை. வலி இல்லாததை யாரிடம் போய்ச் சொல்வது என்று விட்டுவிட்டேன். அடுத்த அறுப்புக்குள் அது எலுமிச்சங்காய் ஆகிவிட்டது.

மருமகள் சின்னப்பொண்ணுதான் கண்டுபிடித்தாள். "இன்னா அத்த, ஒரு பக்கமா சாஞ்சிகினே நடக்கறீங்க?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். "ஒண்ணுமில்லாததுக்கு ஏன் கைய மாரு மேலயே வெச்சிகினு இருக்கீங்க? காட்டுங்க" என்றாள். பெற்ற பிள்ளைக்கும் காட்டாத உடம்பை அவளுக்குக் காட்டினேன். தொட்டுப் பார்த்தவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று சோறு குழைந்துபோனது.

கள்ளக்குறிச்சியில் பார்த்த டாக்டர் படம் எடுத்துவிட்டு, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. எந்த நாள் பஸ் ஓடும், எந்த நாள் ரோட்டில் ஜனம் உட்கார்ந்துவிடும் என்று யாருக்கும் தெரியாது. என் மகன் ஏழுமலை பஸ் ஸ்டாண்டில் நின்று நாலு பேரை விசாரித்துவிட்டுத்தான் என்னை ஏற்றினான். முதல் தடவை பாதி வழியிலிருந்து திரும்பினோம். இரண்டாவது தடவைதான் போய்ச் சேர்ந்தோம். பரிசோதனைகளில் ஒன்றிரண்டை வெளியில் எடுக்க வேண்டியிருந்தது. அதற்காக நாங்கள் வளர்த்த கொடியாடுகள் விலைக்குப் போயின. எந்த ஆடு போயிற்று என்று அவன் எனக்குச் சொல்லவில்லை.

காத்திருப்பதைப் பற்றி எழுதியாக வேண்டும். நோயைவிட அதுதான் ஆளைத் தின்றது. ஒரு கதவுக்கு முன்னால் உட்கார்ந்து, பேர் கூப்பிட்டால் எழுந்து, இன்னொரு கதவுக்கு முன்னால் போய் உட்கார வேண்டும். எங்கள் மலையில் ஆயிரம் ஏக்கருக்குள் யாரையும் கேட்காமல் நடந்தவள் நான். இங்கே மூத்திரம் போவதற்கும் ஒருவரைக் கேட்க வேண்டியிருந்தது. மார்பில் ஊசி விட்டு நூல்போலச் சதையைக் கிள்ளி எடுத்தார்கள். அதற்குப் பயாப்சி என்று பேர். அந்தச் சதையைக் கண்ணாடியில் பூசிப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் புற்று என்று சொன்னார்கள்.

"கட்டி புற்றுன்னு தெரிஞ்சிபோச்சும்மா. இப்ப தெரியவேண்டியது, அது அங்கயே இருக்கா, நெறிக்குப் பரவியிருக்கான்னு" என்றார் டாக்டரம்மா. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும் அல்லவா, அதே நெறி அக்குளிலும் உண்டு. மார்பில் வந்த நோய் பரவினால் முதலில் அங்கேதான் போகும். அங்கே போகவில்லை என்றால் பிழைக்க வழி ஜாஸ்தி. போயிருந்தால் கம்மி. என் உசுரு என் அக்குளில் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வார்டில் பக்கத்துக் கட்டில்தான் காந்தம்மாள். திருக்கோவிலூர்க்காரி. என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். அவளுக்கும் வலது பக்கம்தான். வலது முழங்கைக்குக் கீழே ஒரு கோலமும் ஒரு தேளும் பச்சை குத்தியிருந்தாள். வாய் மட்டும் ஓயாது. "தே யக்கா, மலையில தேனு குடிச்சி வளந்தவங்களுக்கும் இது வருமா?" என்று முதல் நாளே கேட்டாள். "ஆத்துத் தண்ணி குடிச்ச உனக்கு வரலியா?" என்றேன். அன்றைக்கே பழகிவிட்டோம்.

என் கையிலும் பச்சை உண்டு. வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் குத்தியது. ஆனால் நான் அதன்மேல் மஞ்சள் துணி சுற்றிக் கட்டியிருந்தேன். பச்சை குத்திய தோலில் வேறு இரும்பு படக்கூடாது, பட்டால் பிறந்த வீட்டுக்கு ஆகாது என்பது எங்கள் வீட்டில் வைத்திருந்த பழக்கம். மலையில் நர்சம்மா ஒரு தடவை நரம்பு தேடி அங்கேயே குத்த வந்தாள். அதிலிருந்து ஆஸ்பத்திரி என்றால் துணி கட்டிக்கொண்டுதான் போவேன். வார்டு நர்ஸ் துணியைப் பார்த்து, "காப்பா? எந்தக் கோயிலுக்கும்மா?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. எல்லாருக்கும் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அவளே, "நாங்களும் கட்டுவோம், நான் அவுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு இடது கையில் ஊசி போட்டாள். அடுத்த நர்ஸிடமும் சொல்லி வைத்தாள். அதற்கப்புறம் யாரும் அந்தத் துணியைத் தொடவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. ஒருத்தர் தங்கத்தைக் கண்ணுக்குத் தெரியாத தூசாக ஆக்குகிறவர். ஒருத்தர் வெளிச்சத்தைப் பற்றிப் படித்தவர். நிர்மலா என்கிற பெண் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். இவர்களோடு கத்தி பிடிக்கிற டாக்டரம்மா. நாலு பேரும் ஒரே அறையில் நின்று பேசும்போது நாலு ஊர்ச் சந்தைக்காரர்கள் விலை பேசுவது போல் இருக்கும். ஒருவர் சொன்னதை மற்றவர் இரண்டு தடவை கேட்டுக்கொள்வார்.

நிர்மலா எங்கள் கட்டில்களுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொன்னாள்.

"கட்டிகிட்ட தங்கத் தூசு ஊசி போடுவோம்மா. அது நெறிக்கு ஓடும். கெட்ட செல் இருந்தா அதுல மட்டும் ஒட்டிக்கும். அப்புறம் அக்குள்ல ஒரு வெளிச்சம் அடிப்போம். தங்கம் அந்த வெளிச்சத்த வாங்கிச் சூடாகி, துளியோண்டு சத்தம் போடும். நம்ம காதுக்குக் கேக்காது. கம்ப்யூட்டருக்குக் கேக்கும். எங்கருந்து சத்தம் வருதோ அங்க நோய் இருக்குன்னு படமாப் போட்டுக் காட்டும்."

"நெசத் தங்கமா?" என்றாள் காந்தம்மாள்.

"நெசத் தங்கந்தான். ஒரு தலைமுடி அகலத்துக்குள்ள ஆயிரம் தூச வரிசையா நிக்க வெக்கலாம். அவ்ளோ சின்னது."

"அப்ப ஒரு மூக்குத்திக்குக்கூட ஆவாது" என்றாள் இவள்.

நிர்மலா சிரித்தாள். இது சோதனைதான், வேண்டாம் என்றால் சொல்லிவிடலாம், மற்ற வைத்தியம் அதனால் நிற்காது என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். சம்மதத் தாளை நான் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். பாதிக்கு மேல் புரியவில்லை. ஆனாலும் படித்தேன்.

சாமை அறுப்பு பாதியில் நின்றுபோயிருந்ததால், அதுவரை என்னோடு துணைக்கு இருந்த சின்னப்பொண்ணு ஊருக்குப் போனாள். அடுத்து ஏழுமலை வந்து என்னோடு இருப்பதாக ஏற்பாடு. அந்த இடைவெளியில்தான் படம் எடுத்தார்கள். காலையில் காந்தம்மாளுக்கு, அப்புறம் எனக்கு. குளிர்ந்த பசை தடவி, கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கட்டினார்கள். ஒரு சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. நிர்மலா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பேசிக்கொண்டே இருந்தவள் டாக்டரம்மாவைக் கூப்பிட எழுந்து போனாள். அதில் எனக்குப் புரிந்துவிட்டது.

டாக்டரம்மா என் கட்டிலில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "அக்குள்ல நெறி முழுக்கப் பரவியிருக்கற மாதிரி கம்ப்யூட்டர் காட்டுதும்மா. ஊசி போட்டு எடுத்துப் பாத்துதான் உறுதியாச் சொல்லணும். ஆனா தயாரா இருங்க" என்றார். எதற்குத் தயாராக இருப்பது?

காந்தம்மாளுக்கும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். அவள் மூட்டையைக் கட்டிவிட்டாள். ஊசி டெஸ்ட் முடியட்டும் என்று டாக்டரம்மா கையைப் பிடித்துக் கேட்டார்.

"அறுத்தாலும் சாவறது, அறுக்காட்டியும் சாவறது. நான் என் வூட்லயே சாவறன்" என்றாள். தம்பி வேன் கொண்டுவந்திருந்தான். போகும்போது என்னைப் பார்த்து, "வரியா யக்கா, வழியில எறக்கி வுடறன்" என்றாள். வருகிறேன் என்று நானும் எழுந்தேன். மகன் வந்துகொண்டிருக்கிறான், ஒரு நாழி பொறு என்றேன். "அதுக்குள்ள ரோட்ட மறிச்சிடுவாங்க" என்று அவள் போய்விட்டாள்.

மறித்துவிட்டார்கள். ஏழுமலை போனில் கூப்பிட்டான்.

"யம்மா, விழுப்புரத்துக்கு இந்தாண்டயே நிக்கறன். ஜனம் ரோட்டுல ஒக்காந்துகினு இருக்குது. ஒரு வண்டியும் வுடல. டாக்டர் இன்னா சொன்னாங்க?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல" என்றேன்.

"அவங்க கேக்கறத கெவருமெண்ட்ட கேக்கறாங்க. எங்கம்மாகிட்ட போவணும்னு நான் யார கேக்கறது?" என்றான். அவன் அழுதானோ என்னவோ, வண்டிகளின் ஆரன் சத்தத்தில் தெரியவில்லை.

அந்த நாட்களை எப்படி எழுதுவது. காலியான கட்டிலைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். சாமிகளைக் கூப்பிடவும் தோன்றவில்லை. கூப்பிட்டு வராத சாமியைவிடக் கூப்பிடாத சாமியே பரவாயில்லை என்று இருந்தது. யாரோ ஒரு நோயாளியின் அக்கா எனக்கும் சேர்த்துக் கஞ்சி வாங்கிவந்து வைத்தாள். அவள் பேரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. போவதற்குப் பஸ் இல்லை, துணைக்கு ஆள் இல்லை. அதனால்தான் அங்கே கிடந்தேன். தைரியத்தில் இல்லை. ஊசி டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டபோது போனதும் அதனால்தான்.

ஊசியில் வந்தது கறுப்பாக இருந்தது.

டாக்டரம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். சதை அப்படிக் கறுப்பாக வரக்கூடாதாம். மச்சத்தில் வருகிற ஒருவகைப் புற்று உண்டு, அதுதான் இப்படிக் கறுப்பாக இருக்கும், மார்பில் வந்ததைவிடப் பொல்லாதது என்றார். ஒரு நோய்க்கு வந்தவளுக்கு இரண்டாகிவிட்டது. அந்த மச்சம் எங்கே இருக்கிறது என்று உடம்பெல்லாம் தேட வேண்டும் என்றார்கள்.

அதற்குள் மறியல் விட்டு ஏழுமலையும் சின்னப்பொண்ணும் வந்து சேர்ந்திருந்தார்கள். மகன் வெளியே நின்றான். திரைக்குள் என்னை நிற்க வைத்து, உள்ளங்கால், தலைமுடிக்குள், விரலிடுக்கு எல்லாம் விளக்கு வைத்துப் பார்த்தார்கள். புருஷன் இருந்த காலத்திலும் வெளிச்சத்தில் நின்றவளில்லை நான். சின்னப்பொண்ணு என் சேலையைப் பிடித்துக்கொண்டு, எந்த இடத்தைப் பார்க்கிறார்களோ அதைத் தவிர மற்றதையெல்லாம் மூடி மூடி நின்றாள். அவளுக்கு நான் பட்ட கடன் அதுதான்.

கடைசியில் துணி கட்டிய கைக்கு வந்தார்கள்.

"இத அவுக்கணும்மா" என்றார் டாக்டரம்மா.

"மேடம், அது சாமிக் காப்பு" என்றாள் நர்ஸ்.

"சாமிக் காப்பு இல்ல" என்றேன். "ஆனா அவுக்க மாட்டன்."

டாக்டரம்மா கோபப்படவில்லை. எனக்கு எதிரில் நின்று காத்துக்கொண்டிருந்தார். சின்னப்பொண்ணுதான் பேசினாள். "அத்த, பொறந்த வூட்டுல இப்ப யாரு இருக்காங்க? நாங்கதான இருக்கறோம். எங்களுக்காக அவுருங்க."

பல்லால் கடித்துத்தான் முடிச்சு அவிழ்ந்தது. துணி விழுந்ததும் எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். மணிக்கட்டில் தேர், அதற்கு மேல் கொடி, அதற்கு மேல் புள்ளி புள்ளியாக ஏழு கன்னிகள். தோல் சுருங்கிப்போனாலும் பச்சை போகவில்லை.

"இது எப்பக் குத்துனதும்மா?"

"சமைஞ்ச வருசம்."

"என்ன வெச்சிக் குத்துனாங்க?"

"வெளக்குக் கரி. தாய்ப்பால்ல கொழைச்சி, தழச்சாறு வுட்டு, ஊசியால குத்துவாங்க."

மூலையில் நின்றிருந்த நிர்மலா சுவரில் சாய்ந்தாள். அப்புறம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பாமல், என் கையையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "கரி மேடம். கரியும் வெளிச்சத்த வாங்கும். தங்கம் மாதிரியே சத்தம் போடும்."

எனக்குப் பிறகு விளக்கிச் சொன்னார்கள். விளக்குக் கரியும் அவர்கள் ஊசியில் போட்ட தங்கம் மாதிரியே கண்ணுக்குத் தெரியாத தூசுதான். தோலுக்குள் போன கரியை உடம்பு தன்னுடையது இல்லை என்று தெரிந்துகொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு போய் அக்குள் நெறியில் போட்டு வைக்குமாம். நான் கல்யாணம் கட்டியது, பிள்ளை பெற்றது, புருஷனைப் பறிகொடுத்தது அத்தனை காலமும் என் அம்மா குத்திவிட்ட கரி அங்கே உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த படங்களில் பச்சை குத்தின பெண் ஒருத்தியும் இல்லை. அதனால் சத்தம் வந்த இடமெல்லாம் நோய் என்று அது சொல்லிவிட்டது.

கறுப்புச் சதையை மறுபடியும் சாயம் போட்டுப் பார்த்தார்கள். அந்த முடிவு வரும்வரைக்கும் யாரும் சோறு சரியாகத் தின்னவில்லை. வந்தது வெறும் கரி. மச்சப் புற்றும் இல்லை, மார்புப் புற்று பரவவும் இல்லை.

"நாங்க கேட்டிருக்கணும்" என்றார் டாக்டரம்மா.

"நானும் காட்டியிருக்கணும்" என்றேன்.

மார்பை எடுத்தார்கள். அதோடு எடுத்த நெறி ஒன்றைக் குப்பியில் போட்டு எனக்குக் காட்டினார்கள். நாவற்பழக் கொட்டை அளவு, மையில் தோய்த்தது போல் இருந்தது. கை தூக்க முடியாத நாட்களில் ஏழுமலைதான் எனக்குத் தலை சீவிவிட்டான். மரவள்ளிக் கட்டுக் கட்டுகிற முடிச்சைத்தான் கொண்டையிலும் போட்டான். அவிழவே அவிழாது. வார்டே பார்த்துச் சிரித்தது. நான் அதை அப்படியே வைத்துக்கொண்டேன்.

அந்தக் கொண்டையோடு படுத்திருந்தபோதுதான் காந்தம்மாளின் தேள் ஞாபகம் வந்தது. டாக்டரம்மாவுக்கும் அதே நினைப்புத்தான். பலமுறை போன் போட்டும் தம்பிக்காரன், "அக்கா வர மாட்டேங்குது" என்று வைத்துவிட்டானாம். தையல் பிரித்து ஊருக்குப் போகும்போது நேரே திருக்கோவிலூரில் இறங்கினேன். ஏழுமலை வேண்டாம் என்றான். கேட்கவில்லை.

காந்தம்மாள் கயிற்றுக் கட்டிலில் கிடந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். வைத்தியம் ஒன்றும் பார்க்கவில்லை.

"செத்தவளப் பாக்க மாலையில்லாம வந்துகிற?" என்றாள்.

என் கையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுத் தன் தேளையே தடவிக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் வெறும் கரியா இருந்தா?"

"இருந்தா அறுத்துட்டு வூட்டுக்கு வந்துடலாம்."

"நோயா இருந்தா?"

தெரியாது என்றே சொன்னேன். அவளுக்கு ஆசை காட்டுகிறோமே என்று அன்றைக்கே பயமாகத்தான் இருந்தது. இரண்டு அமாவாசை போன பிறகுதான், "வரேன்" என்று ஆளிடம் சொல்லி அனுப்பினாள். அதனால்தான் இந்தப் பெஞ்சில் இப்போது நான்.

இதைப் படிக்கிற பெண்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். கையில் பச்சை இருந்தால் டாக்டர் கேட்காவிட்டாலும் காட்டிவிடுங்கள். துணி கட்டிக்கொண்டு போகாதீர்கள்.

இவ்வளவு எழுதுவதற்குள் கதவு திறந்துவிட்டது. மீதியை வார்டுக்கு வந்து எழுதுகிறேன்.

காந்தம்மாளின் நெறியில் கரி இருந்தது. பக்கத்து நெறியில் நோயும் இருந்தது. அவள் விஷயத்தில் கம்ப்யூட்டர் பாதி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அவள் வீட்டில் கிடந்த மாதங்களில் பரவியதா, முன்னாலேயே இருந்ததா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. முதலில் மருந்து ஏற்ற வேண்டும், அதற்குக் கேட்டால் அப்புறம் அறுக்கலாம் என்றார். பிழைப்பாள் என்று அவர் சொல்லவில்லை.

நான் தலையைத் தூக்கவில்லை. கிடந்த இடத்தில் கிடந்தவளை இழுத்துக்கொண்டு வந்து இதைக் கேட்க வைத்துவிட்டேன். காந்தம்மாள் எங்களோடு வந்திருந்த ஏழுமலையைக் கூப்பிட்டாள்.

"தம்பி, சாயங்காலம் பஸ்ஸு உண்டா?"

"இல்லம்மா. இன்னைக்கும் மறியலாம். எப்ப வுடுவாங்கன்னு தெரியல."

"அப்ப போவ முடியாது?"

"முடியாது."

அவள் டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். "மருந்து ஏத்துங்க மேடம். பஸ்ஸு வர்ற வரைக்கும் சும்மா ஒக்காந்துகினு இன்னா பண்றது."

இப்போதுதான் நர்ஸ் தட்டோடு வந்தாள். காந்தம்மாள் பழக்கத்தில் வலது கையை நீட்டினாள்.

"அந்தக் கை வேணாம்மா, இதக் குடுங்க" என்று நர்ஸ் இடது கையைப் பிடித்துத் தட்டி நரம்பைத் தேடுகிறாள்.

"ஆமாமா, அதுல குத்தாத" என்கிறாள் காந்தம்மாள். "தேளு கொட்டிடும்."

நர்ஸ் சிரிக்கிறாள். நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, அவளுடைய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.